வியாழக்கிழமைச் சோறு

முழங்கால்வரை தண்ணீரில் நின்றுகொண்டு ஒரு மனிதர் தாகமாக இருந்ததைப் பார்த்திருக்கிறேன். நாற்றங்காலில் தண்ணீர், வாய்க்காலில் தண்ணீர், தலைக்குமேல் கனத்துக் கிடந்த மேகத்திலும் தண்ணீர். குனிந்து ஒரு கை அள்ளினால் போதும். அவர் அள்ளவில்லை. அவர் என் அப்பா. முஸ்லிம் இல்லை, எங்கள் தெருவில் யாருமே இல்லை. ஆனாலும் அந்தப் புரட்டாசியில் மூன்று நாள் நோன்பிருந்தார். ஏன் இருந்தார் என்பது எனக்குத் தெரியும், கூடவே இருந்தேன். உள்ளே என்ன நடந்தது என்பதுதான் தெரியாது. இத்தனை வருடம் கழித்தும் என்னைச் சும்மா இருக்கவிடாதது அதுதான்.

நன்னிலத்துக்குக் கிழக்கே எங்கள் ஊர். ஆட்சி மாறிச் சில வருடங்கள் ஆகியிருந்தன. டீக்கடை பெஞ்சிலிருந்து கல்யாணப் பந்தல்வரை எல்லாரும் அடுக்குமொழி பேசினார்கள். வயலில் மட்டும் பேச்சு சுருக்கமாக இருந்தது: அரைப் படி. குறுவை அறுப்புக் கூலியில் கலத்துக்கு அரைப் படி நெல் கூட வேண்டும் என்று சங்கம் கேட்டது. வரப்பில் கொடி நட்டார்கள். அறுப்பு நின்றது. எனக்குப் பத்தொன்பது வயது. எஸ்.எஸ்.எல்.சி. தேறியிருந்தேன், வேலை இல்லை. அரிவாளும் பிடித்தேன், துண்டுப் பிரசுரமும் படித்தேன்.

நாங்கள் அறுக்கும் வயல் ஒரு ராவுத்தருடையது. ஒரு வேலிக்கும் குறைவான நிலம், கடைத்தெருவில் ஒரு இரும்புக்கடை. பெரிய மிராசுதார்கள் கூட்டம் போட்டால் அவரை ஓரத்து நாற்காலியில் உட்காரவைப்பார்கள். அந்த நாற்காலிக்காகவோ என்னவோ, ஒருநாள் காலையில் வரப்பில் வந்து நின்று, எல்லார் காதிலும் விழும்படி சொன்னார்.

"அல்லா மேல ஆணையா சொல்றேன். இந்தத் தெரு ஆளு ஒருத்தன் அருவாளும் என் வயல்ல எறங்காது. வெளியூர் ஆளு கொண்டாந்து அறுத்துக்கறேன்."

எங்கள் அறுப்புக் கூட்டத்தில் நான் உட்படப் பத்துப் பேர். அப்பாதான் மூத்த ஆள். அவர் சத்தம் போடவில்லை. வலது கையைத் தூக்கிக் காட்டினார்.

"கொண்டாங்க. நானும் சொல்றேன், கேட்டுக்குங்க. இனிமே ஒங்க வூட்டுச் சோத்துல இந்தக் கைய வெச்சா, இது என் கையே இல்ல."

ராவுத்தர் வீட்டுச் சோறு என்றால் எங்களுக்கு அறுப்பு முடிந்த அன்று மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் போடுகிற சோறு. வரிசையாகக் குந்தியிருப்போம், இலை தரையில் இருக்கும், சோறு உயரத்திலிருந்து விழும். ருசிக்குக் குறைவில்லை. அந்த உயரம்தான் அப்பாவுக்கு வருடா வருடம் தொண்டையில் நின்றது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

பிறகு மழை வந்தது. நான்கு நாள் விடாமல் பெய்தது. கதிர் சாய்ந்து தண்ணீரில் படுத்தது. லாரியில் வந்த வெளியூர் ஆட்கள் கொடியைப் பார்த்தார்கள், சேற்றைப் பார்த்தார்கள், டீ குடித்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். ஐந்தாம் நாள் ராவுத்தர் எங்கள் தெருவுக்கு வந்தார். கையில் குடை இருந்தது. விரிக்காமல் நனைந்துகொண்டு வந்திருந்தார்.

"கதிர்லயே மொளைக்குதுப்பா," என்றார். "அரைப் படி தர்றேன். எறங்குங்க."

இறங்கினோம். இரண்டு நாளில் அறுத்துக் கரையேற்றினோம். அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தோம்.

அம்மா அப்போது ராவுத்தர் வீட்டில் நெல் அவிக்கப் போய்க்கொண்டிருந்தாள். ஒரு சாயங்காலம் வந்து சொன்னாள், "ராவுத்தரு பட்டினி கெடக்குறாரு. நோன்பாம்."

"அவங்க நோன்பு மாசம் பொறக்க இன்னும் மூணு வாரம் இருக்கே," என்றேன்.

"இது வேறயாம். ஆணை வெச்சுட்டு நம்மள வேலைக்கு வுட்டாருல்ல, அந்த ஆணைய முறிச்சதுக்கு மூணு நாளு."

அப்பா சிரித்தார். "வாய் பண்ண தப்புக்கு வயிறு செயிலுக்குப் போவுதாக்கும்."

ஆனால் அந்தச் சிறைவாசம் செல்லவில்லை. நான்காம் நாள் ராவுத்தர் தெம்பாகப் பள்ளிவாசலுக்குப் போய், அங்கே தொழவைக்கும் ஹஜ்ரத்திடம் மூன்று நோன்பையும் முடித்துவிட்டதாகச் சொல்லியிருக்கிறார். ஹஜ்ரத் தலையில் கைவைத்துக்கொண்டாராம். ஆணையை முறித்தவன் முதலில் பத்து ஏழைகளுக்கு வயிறாரச் சோறு போடவேண்டும், இரண்டு வேளை. அல்லது பத்துப் பேருக்குத் துணி கொடுக்கவேண்டும். அதற்கு வழியே இல்லாதவனுக்குத்தான் மூன்று நாள் நோன்பு. பத்தாயத்தில் நெல்லை வைத்துக்கொண்டு பட்டினி கிடந்தால் அது இதற்கு ஈடாகாது. ராவுத்தர் மனைவி இதைக் கேட்டுச் சிரித்த சிரிப்பை அம்மா எங்கள் வீட்டில் நடித்துக் காட்டினாள். "ஒரு வார்த்தை கேட்டுட்டுப் பட்டினி கெடந்திருக்கலாம்ல. மூணு நாளா நானும்ல விடியறதுக்கு முன்ன எந்திரிச்சு ஆக்கிப் போட்டேன்."

நான் அதில் மாட்டிக்கொண்டேன். அதுவரை உபவாசம், விரதம், நோன்பு எல்லாம் பசியால் கட்டிய ஏணி என்று நினைத்திருந்தேன். எவ்வளவு பசியோ அவ்வளவு உயரம். இங்கே ஒரு சட்டம் பசியைக் கடைசிப் படியில் வைத்திருந்தது. முதலில் இன்னொருத்தன் வயிறு. அதற்கு வக்கில்லையென்றால்தான் உன் வயிறு. வசதியுள்ளவனின் பட்டினியை வேண்டாம் என்று திருப்பிக் கொடுக்கிற ஒரு கடவுளை நான் படித்த பிரசுரங்கள் எதிலும் பார்த்திருக்கவில்லை.

ராவுத்தர் இரண்டாம் முறையாக எங்கள் தெருவுக்கு வந்தார்.

"ஒரு ஒத்தாசை வேணும்."

"சொல்லுங்க," என்றார் அப்பா.

"பத்துப் பேரும் என் வூட்டுக்கு வந்து ரெண்டு வேளை சாப்புடணும். ஏழைக்குச் சோறு போடணும்னு ஹஜ்ரத்து சொல்லிட்டாரு."

எங்கள் கூட்டத்தில் துடுக்கான ஒருவன் இருந்தான். சங்கத்துச் சந்தாச் சீட்டைச் சட்டைப்பையில் வெளியே தெரிகிற மாதிரி வைத்திருப்பான். "ஏழைன்னு யாரச் சொல்றீங்க? நாங்க தொழிலாளிங்க," என்றான்.

"சரிப்பா. ஏழைத் தொழிலாளி."

"பள்ளிவாசல் வாசல்ல ஒக்காந்திருக்காங்களே, அவங்க பத்தாதா?"

"பத்தும். ஹஜ்ரத்தும் அதத்தான் சொல்றாரு. ஆனா நான் ஆணை வெச்சது அவங்களப் பாத்து இல்லியே. எந்தப் பத்துப் பேர எறங்கக் கூடாதுன்னேனோ அந்தப் பத்துப் பேரு சாப்புட்டாத்தான் எனக்கு மனசு ஆறும். நோன்பு பொறக்கறதுக்குள்ள இத முடிச்சுடணும்பா."

எல்லாரும் அப்பாவின் வலது கையைப் பார்த்தார்கள். அப்பாவும் பார்த்தார்.

"நானும் ஒண்ணு சொல்லியிருக்கேன்ல," என்றார்.

"அது கோவத்துல சொன்னது."

"நீங்க சொன்னதும் கோவத்துலதான். ஒங்களுக்கு ஒட்டிக்கிச்சு. எனக்கு ஒட்டாதுங்களா?"

ராவுத்தர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார். அவர் போனபிறகு துடுக்குக்காரன் சொன்னான், "சோத்தப் போட்டு அடுத்த வருஷம் அரைப் படிய முழுங்கிருவாரு, பாத்துக்குங்க." அம்மா, வேட்டி வாங்கிக்கொண்டால் என்ன என்று கேட்டாள். "வாங்குனா தீவாளி இனாம்னு ஊரு சொல்லும்," என்றார் அப்பா. மற்ற எட்டுப் பேரும் அப்பா முகத்தையே பார்த்தார்கள். அவர் போனால் போவார்கள். அவர் போகாவிட்டால் ஒருவரும் போகமாட்டார்கள். ஒருவர் ஆணை தீர வேண்டுமென்றால் இன்னொருவர் ஆணை உடைய வேண்டும். ராவுத்தருக்கு உடைந்ததை ஒட்ட ஒரு முறை இருந்தது. அப்பாவுக்கு அந்தக் கை மட்டும்தான் இருந்தது.

மறுநாள் அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு பள்ளிவாசலுக்குப் போனார். ஹஜ்ரத் வாசலில் சைக்கிளுக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தார். அப்பா நேராகவே கேட்டார்.

"ஒங்காளுக்கு ஆணைய முறிச்சா ஒரு வழி இருக்கு. எனக்கு என்னங்க வழி?"

"நீங்க அல்லா மேல ஆணை வெக்கலியே."

"கை மேல வெச்சேன்."

ஹஜ்ரத் காற்றடிப்பதை நிறுத்தினார். "இது ஒங்க மேல கடமையில்லிங்க."

"கடமையான்னு கேக்கலிங்க. பத்துப் பேருக்குச் சோறு போட எனக்கு வக்கில்ல. என்ன மாதிரி ஆளு ஒருத்தன் ஒங்கள்ல இருந்தா அவன் என்ன செய்வான்?"

"மூணு நாளு நோன்பு வெப்பான். விட்டு விட்டு இல்ல, தொடர்ந்தாப்புல."

"அதோட தீந்துதா?"

"தீந்துது."

"தண்ணி?"

"தண்ணியும் இல்ல. விடியறதுக்கு முன்ன சாப்புட்டுக்கணும். பொழுது விழுந்து, பள்ளியில பாங்கு சத்தம் கேட்டதும் நோன்பத் தொறக்கணும். எடையில ஒண்ணும் கெடையாது. பொய் பேசக் கூடாது, சண்டை போடக் கூடாது."

நான் நடுவில் புகுந்தேன். "எச்சி முழுங்கலாமா?"

"முழுங்கலாம் தம்பி. அதையும் துப்பிக்கிட்டிருந்தா ஒங்க நாத்தங்கால் நெறஞ்சிரும்."

திரும்பி வரும்போது அப்பா முன்னால் நடந்தார். ஊருக்குள் நுழையும்போது, "திங்கக்கெழம ஆரம்பிச்சிடறேன்," என்றார், ஏதோ வரப்பு வெட்டுகிற வேலையைச் சொல்வதுபோல.

குறுவை முடிந்த கையோடு தாளடி நடவு. எங்களுக்கு நாற்றுப் பறிக்கிற வேலை. நாள் முழுக்கக் குனிவு. திங்கட்கிழமை விடியுமுன் அம்மா பழைய சோற்றைப் பிழிந்து வைத்தாள். "இவ்ளோ சோத்தக் காலையில நான் தின்னதே இல்ல," என்று சொல்லிக்கொண்டே தின்றார்.

பத்து மணிக்குள் செய்தி நடவுப் பெண்கள்வரை போய்விட்டது.

"என்ன மாமா, தொப்பி எப்ப வாங்குறீங்க?"

"கொடி வாங்குன கடையிலதான்," என்றார் அப்பா, நிமிராமல்.

"பட்டினி கெடக்க நமக்குச் சொல்லித்தர ஆளு வேணுமாக்கும்," என்றாள் இன்னொருத்தி. எல்லாரும் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை. எனக்கும் அந்த வார்த்தை காலில் தைத்த முள்போலக் கூடவே வந்தது. உண்மைதானே. ஆடியில் வேலை இருக்காது. ஐப்பசி அடைமழையில் அடுப்பு இருக்காது. பசி எங்கள் வீட்டில் பெயர் சொல்லிக் கூப்பிடத் தேவையில்லாத உறவு. அப்படியானால் அப்பா செய்வது என்ன?

செவ்வாய்க்கிழமை உச்சியில் வரப்பில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன், "எப்படிப்பா இருக்கு?"

யோசித்தார். உதடு வெள்ளையாக உலர்ந்திருந்தது. "வேற மாதிரி இருக்குடா. வூட்டு அடுக்குல சோறு இருக்கு. இருக்குன்னு தெரிஞ்சே பசிக்குது. இதுக்கு முன்ன அப்படிப் பசிச்சதில்ல. அது பாட்டுக்கு வரும், எப்பப் போவும்னு தெரியாது. இது பொழுது விழுந்தா போயிரும். நான் கூப்புட்டு வந்தது."

பேசினால் தாகம் கூடும் என்று கையால் காட்டினார்.

அன்றைக்கு நானும் இருந்துபார்த்தேன். யாருக்கும் சொல்லாமல் விடியுமுன் எழுந்து சாப்பிட்டிருந்தேன். பதினொரு மணிக்கு வாய்க்காலில் முகம் கழுவினேன். அப்படியே இரண்டு கை அள்ளிக் குடித்தும்விட்டேன். குடித்து, வாயைத் துடைத்து, நாலு அடி நடந்தபிறகுதான் நினைவு வந்தது. வெட்கத்தோடு வீட்டுக்குப் போய்ச் சோறும் தின்றேன். பல வருடம் கழித்து, நான் வேலை பார்த்த பள்ளிக்கூடத்தில் சக ஆசிரியர் ஒருவர் சொன்னார்: மறந்து குடித்தால் நோன்பு முறியாது, அது ஆண்டவன் குடிக்கக் கொடுத்த தண்ணீர் என்று வைத்துக்கொண்டு மேலே தொடரவேண்டியதுதான். என் நோன்பைத் தண்ணீர் முறிக்கவில்லை. முறிந்துவிட்டது என்று நானே நினைத்துக்கொண்டு தின்ற சோறுதான் முறித்தது. இதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வரும். கொஞ்சம் ஏக்கமும் வரும்.

புதன்கிழமை மேகம் விலகி வெயில் கொளுத்தியது. மத்தியானத்துக்குமேல் அப்பாவுக்குப் பறித்த நாற்றை முடிபோட விரல் வளையவில்லை. அம்மா நீராகாரச் செம்போடு வந்தாள். கொடுக்கவில்லை, செம்பை மடியில் வைத்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்திருந்தாள். துடுக்குக்காரன் அப்பாவின் வரிசையில் இறங்கி அவருடைய நாற்றையும் சேர்த்துப் பறிக்கத் தொடங்கினான். "நீங்க ஒக்காருங்கண்ணே," என்றான். "ராவுத்தரு வூட்டுச் சோத்துக்கு ஆளு மிஞ்சணும்ல."

மூன்றாம் நோன்பு முடிந்ததும் வருகிறோம் என்று அப்பா அம்மாவிடம் சொல்லியனுப்பியிருந்தார். அங்கே ராவுத்தர் வீட்டில் வேறொரு குழப்பம். ஏழைகளுக்குப் போடும் சோறு, தன் வீட்டார் சாப்பிடுவதில் நடுத்தரமாக இருக்கவேண்டும் என்று ஹஜ்ரத் சொல்லியிருந்தார். எது நடுத்தரம்? ராவுத்தர் பிரியாணி என்றார். அவர் மனைவி ஒப்பவில்லை. "வெள்ளிக்கெழம கறி ஆக்குறோம், அது பெருசு. செவ்வாக்கெழம ரசம், அது சிறுசு. வியாழக்கெழம மீன் ஆணம். அதான் நடு." ஆணம் என்றால் அவர்கள் வீட்டில் குழம்பு. புதன்கிழமை பொழுது விழுந்தாலே அவர்களுக்கு வியாழன் பிறந்துவிடும். ஆகவே அன்று இரவும் மறுநாள் மத்தியானமும் இரண்டு வேளையும் வியாழக்கிழமைச் சோறுதான் என்று முடிவாயிற்று. இதையும் அம்மாதான் வந்து சொன்னாள், தானே தீர்ப்பளித்தவள் மாதிரி.

பொழுது சாய, பத்துப் பேரும் குளித்துவிட்டுப் போனோம். கால்கள் பழக்கத்தில் மாட்டுக்கொட்டகைப் பக்கம் திரும்பின. ராவுத்தர் முன்வாசலில் நின்று கூப்பிட்டார். கூடத்தில் பாய் விரித்திருந்தது. இலை இல்லை. ஈயம் பூசிய இரண்டு பெரிய தாம்பாளம், சஹன் என்றார்கள். ஒன்றுக்கு ஐந்து பேர், ஒரே தட்டில் கை. நாங்கள் எங்களுக்குள்கூட அப்படிச் சாப்பிட்டதில்லை. எந்த ஓரம் யாருடையது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தோம். யாரும் தொடவில்லை. அப்பாவுக்கு மட்டும்தான் பாங்கு வேண்டும். ஆனால் ஒன்பது பேரும் காத்திருந்தோம். சோற்றிலிருந்து ஆவி எழுந்துகொண்டே இருந்தது.

துடுக்குக்காரன் கேட்டான், "அரைப் படி?"

"அரைப் படி அரைப் படிதான்," என்றார் ராவுத்தர். "அது ஒங்க கூலி. இது என் வாய் பேசுனதுக்கு."

பாங்கு கேட்டது. ராவுத்தர் ஒரு பேரீச்சம்பழமும் டம்ளரில் தண்ணீரும் நீட்டினார். அப்பா பழத்தை மென்றார். டம்ளரைத் தூக்கி, உதட்டில் படாமல் அண்ணாந்து ஊற்றப் போனார். கதவுக்குப் பின்னாலிருந்து ராவுத்தர் மனைவியின் குரல்: "வாய் வெச்சே குடிக்கச் சொல்லுங்க. மூணு நாளு தாகம், அண்ணாந்து ஊத்துனா பொரையேறும்."

அப்பா டம்ளரை இறக்கினார். அதைப் பார்த்தார். பிறகு வாய் வைத்துக் குடித்தார். குடித்து முடித்து வலது கையை ஒருமுறை விரித்துப் பார்த்துவிட்டுச் சோற்றில் வைத்தார். எங்கள் கைகளும் இறங்கின. மீன் தலையை ராவுத்தர் அப்பா பக்கம் தள்ளிவைத்தார்.

கதை அங்கேயே முடிந்திருக்கவேண்டும். இரண்டாம் வேளை என்று ஒன்று இருந்ததால் முடியவில்லை.

மறுநாள் மத்தியானம். நல்ல வெளிச்சம். மிராசுதார்கள் தெரு வழியாகப் போனோம், பார்க்கிறவர்கள் பார்த்தார்கள். அதே கூடம், அதே சஹன், அதே ஆணம். அப்பாவுக்கு இப்போது பசி அவ்வளவு இல்லை. பசி இல்லாதவர்கள் சுற்றிலும் பார்ப்பார்கள். ராவுத்தர் நேற்றிலிருந்து நின்றுகொண்டே பரிமாறுவதைப் பார்த்தார்.

"நீங்களும் ஒக்காருங்க," என்றார்.

"நான் இதுல கை வெக்கக் கூடாதுப்பா."

அப்பாவின் கை சோற்றுக்கும் வாய்க்கும் நடுவில் நின்றது. மாட்டுக்கொட்டகையின் அத்தனை வருடமும் அந்த இடைவெளியில் வந்து நின்றதை நான் பார்த்தேன். ராவுத்தரும் பார்த்திருக்கவேண்டும். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அவசரமாக அப்பா பக்கத்தில் குந்தினார்.

"அப்படியில்லப்பா. நீ நெனைக்கிறது இல்ல. ஒங்களுக்குன்னு கொடுத்த சோத்த நானே தின்னா எனக்குச் செல்லாது. மூணு நோன்பு செல்லாமப் போனது போதும்."

அப்பா அவர் முகத்தைக் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பொய் இல்லை என்று எதைக் கொண்டு முடிவு செய்தாரோ தெரியாது. கவளத்தை வாயில் போட்டு, மென்று, முழுங்கினார்.

"அப்ப ஒங்க நோன்பு மாசத்துல ஒரு நாளு எங்க வூட்ல வந்து தொறங்க. அது ஒங்களுக்குச் செல்லும்ல?"

கதவுக்குப் பின்னால் வளையல் சத்தம் நின்றது.

"செல்லும்," என்றார் ராவுத்தர். "வர்றேன்."

ஐப்பசி பிறந்தது, அவர்கள் மாதமும் பிறந்தது. ஒரு வாரம் போயிற்று, இரண்டு வாரம் போயிற்று. அப்பா அதைப் பற்றிப் பேசுவதில்லை. பொழுது விழுகிற நேரத்தில் மட்டும் வாசலில் நிற்பார். துடுக்குக்காரன், "அண்ணே, பெரிய நாற்காலி போட்டு வைங்க," என்று கேலி செய்வான். அம்மாவுக்கு வேறு கவலை.

"அந்தம்மா வூட்ல நடுத்தரம்னு ஒண்ணு வெச்சுச் சமைச்சாங்க. நம்ம வூட்ல எதுடா நடு?" என்று என்னைக் கேட்டாள்.

எனக்குத் தெரியவில்லை. எங்கள் வீட்டில் உண்டு, இல்லை என்று இரண்டுதான் இருந்தன.

மூன்றாம் வாரத்தில் ஒரு மழைநாள் ராவுத்தர் வந்தார். இந்தமுறை குடையை விரித்திருந்தார். குனிந்து உள்ளே நுழைந்து, பாயில் உட்கார்ந்தார். அம்மா பயத்தங்கஞ்சியும் சுட்ட கருவாடும் வைத்தாள். எங்கள் வீட்டில் இருந்த ஒரே பித்தளை டம்ளரைப் புளி போட்டுத் தேய்த்திருந்தாள். மழையில் பாங்கு கேட்காதே என்று நான் கவலைப்பட்டேன். அவர் மணிக்கட்டில் கடிகாரம் கட்டிக்கொண்டு வந்திருந்தார்.

அப்பா அவருக்கு எதிரே உட்கார்ந்து டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மாவும் பார்த்தாள். நானும் பார்த்தேன்.

ராவுத்தர் கடிகாரத்தைப் பார்த்தார். வாய்க்குள் ஏதோ சொன்னார். டம்ளரை எடுத்து, வாய் வைத்து, மூன்று மிடறாக, நிறுத்தி நிறுத்திக் குடித்தார். பாதி மிச்சம் வைத்தார்.

கஞ்சி நன்றாக இருக்கிறது என்றார், இன்னொரு அகப்பை கேட்டு வாங்கினார், போனார். அவர் தெருமுனை திரும்பும்வரை அப்பா வாசலில் நின்றார். உள்ளே வந்து, அந்த மிச்சத் தண்ணீரை எடுத்து, வாய் வைத்துக் குடித்தார். பிறகு தட்டை இழுத்துக்கொண்டு, "எனக்கும் போடு," என்றார் அம்மாவிடம்.